ஏழே மெட்டில் ஒரு வீணை

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களை ஒரு வாரமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் வந்தவுடன் வீணை நுனியில் இருக்கிற யாளி முகத்தைத்தான் தடவிப் பார்க்கிறீர்கள். அப்புறம் குடத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறீர்கள். தப்பே இல்லை. வயதான பலா மரத்தின் நடுக்கட்டையைக் குடைந்து, ஒரே கனமாகச் சீவி எடுத்த குடத்தைத் தட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் மூலையில் இருக்கிற மெழுகுச் சட்டியை ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பார்த்த ஒருத்தரும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

வீணையிலேயே மலிவான சரக்கு அந்த மெழுகு. குடத்திலிருந்து நீளுகிற தண்டியின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக வரப்பு மாதிரி ஓடுகிறதே, அதுதான். தேன்மெழுகும் கரித்தூளும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சியது. விரல் வைத்து அழுத்துகிற வெண்கல மெட்டுகள் இருபத்துநான்கும் அதில் பதிந்துதான் நிற்கின்றன. மரம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் மெழுகு அசைந்தால் மெட்டு அசையும், மெட்டு அசைந்தால் சுருதி போச்சு. நான் வேலையை விட்டு ஓய்ந்துவிட்டேன். இருந்தாலும் இங்கே வந்து உட்கார்ந்து உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு மெழுகுக் கதை சொல்கிறேன், கையில் இருக்கிற உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

எந்த வருஷம் என்று துல்லியமாகக் கேட்காதீர்கள். ஓசூர் எந்த ராஜ்யத்தில் சேர வேண்டும் என்று டீக்கடையில் மூன்று பாஷைகளிலும் சண்டை நடந்துகொண்டிருந்த ஐம்பதுகளின் நடுப்பகுதி. நம் பட்டறை அப்போது சந்தைக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் இருந்தது. முதலாளியை நாங்கள் யஜமானர் என்றுதான் கூப்பிடுவோம். கன்னடக்காரர். மரம் பார்ப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மெட்டு கட்டுவது என் வேலை. எனக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். மனசுக்குள் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் வீணைகள் எல்லாம் மேட்டுப் பக்கமே போய்க்கொண்டிருந்தன. பெங்களூர், மைசூர், ஆனேக்கல், தளி. எல்லாம் குளிர்ந்த ஊர்கள். அங்கே மெழுகுக்கு ஒரே எதிரி பனிதான். மார்கழியில் மெழுகு இறுகி விரிசல் விடும், மெட்டு கடகடவென்று ஆடும். அதனால் யஜமானர் மெழுகில் குங்கிலியத்தைக் குறைத்து விளக்கெண்ணெய் ஊற்றி இளக்கமாக வைத்திருந்தார். செய்து முடித்த ஒவ்வொரு வீணையையும் ஒரு ராத்திரி முழுக்கத் திறந்த ஜன்னல் ஓரத்தில் பனியில் வைப்பார். விடிந்ததும் மெழுகை விரலால் தடவிப் பார்த்து, விரிசல் இல்லை என்றால்தான் வெளியே அனுப்புவார். வேறு எந்தப் பட்டறையிலும் இந்தச் சோதனை கிடையாது என்று எங்களுக்குப் பெருமை வேறு. வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றி யார் நினைப்பார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் கமலம்மாவின் வீணை வேலை வந்தது. காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பாவுக்குப் பெங்களூரில் உத்தியோகம், அதனால் அங்கேயே வளர்ந்து வீணை கற்றுக்கொண்டவர். அப்பாவும் போய், கட்டியவரும் போய், முப்பது வயதில் அண்ணன் வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்திருந்தார். பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற வீடு. பழைய வீணையின் குடம் வெடித்துப்போய் இரண்டு வருஷமாகக் கம்பியைத் தொடவில்லை. கிருஷ்ணகிரியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீத டீச்சர் எடுக்கிறார்கள், தங்குவதற்கு அறையும் உண்டு என்று கேள்விப்பட்டு, அண்ணனிடம் மன்றாடிப் புது வீணைக்குச் சொல்லியிருந்தார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் கறாரான ஆள். வீணைக்குச் சொல்ல வந்த அன்று எங்கள் கொட்டகையிலேயே தங்கையிடம் சொன்னார்.

"இந்த ஒரு வாட்டிதான் கமலா. வேலை கெடச்சா உன் பாடு. கெடைக்கல்லேன்னா இந்த மரத்த வித்துப்புட்டு ஊட்டோட இருக்கணும். அப்புறம் பாட்டு கீட்டுன்னு பேச்சு வரக் கூடாது, ஆமா."

கமலம்மா தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு யஜமானர் பக்கம் திரும்பி, "நல்லா செஞ்சு குடுங்க" என்று மட்டும் சொன்னார். யஜமானர் அதற்காகவே பத்து வருஷம் ஆறப்போட்டிருந்த கட்டையை எடுத்தார். அந்தக் குடத்தின் நாதத்தை நான் இன்னொரு வீணையில் கேட்டதில்லை. நானும் என் பங்குக்கு மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காது வலிக்கிற வரைக்கும் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். பனிச் சோதனையில் வீணை அபாரமாகத் தேறியது.

பள்ளிக்கூடத்தில் தேர்வு வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. காலையிலேயே நான் வீணையைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், அவர் இரண்டு மூன்று மணி நேரம் வாசித்துக் கையைப் பழக்கிக்கொள்வார் என்று ஏற்பாடு. எங்கள் வழக்கப்படி வீணையைக் கறுப்புக் கம்பளியில் சுற்றினோம். குளிர் தாக்காமல் இருக்க.

பஸ்ஸில் பின் சீட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு வீணையைக் குறுக்கே மடியில் போட்டுக்கொண்டேன். ஓசூரைத் தாண்டிச் சானமாவுக் காட்டுக்குப் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் குதித்து இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ஏனுகுலு! ஆனே! ஆனைங்க!" என்று மூன்று பாஷைகளிலும் கத்தினார். எந்தப் பாஷைக்காரரும் விட்டுப்போகக் கூடாது என்ற நல்ல எண்ணம். குட்டிகளோடு ஒரு கூட்டம் ரோட்டை மறித்து நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. யானையை யார் அவசரப்படுத்த முடியும்? வெயில் ஏறிக்கொண்டே போனது. பஸ்ஸின் தகரம் காய்ந்தது. மறுபடி கிளம்பிச் சூளகிரியைத் தாண்டி இறங்க இறங்க, ஜன்னல் வழியாக அடுப்பைத் திறந்தாற்போலக் காற்று வந்தது. அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

கிருஷ்ணகிரியில் இறங்கும்போது உச்சி வேளை. அந்தக் கருங்கல் மலை ஊரின் தலைமேலே காய்ந்துகொண்டு நின்றது. அண்ணனும் தங்கையும் தங்கியிருந்த சத்திரத்துக்கு வீணையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கமலம்மா வாசலிலேயே நின்றிருந்தார். தரையில் பாய் விரித்து, வீணையை இறக்கிக் கம்பளியைப் பிரித்தேன்.

மேல் மெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒரு மெட்டை அவர் அழுத்தினார். அது மெதுவாக மெழுகுக்குள் இறங்கிப் போய்விட்டது. கம்பி அடுத்த மெட்டில் உரசிக் கொர்ரென்றது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் இறங்கியது. என் விரலால் மெழுகைத் தொட்டேன், அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

கமலம்மா கையைக் கம்பியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன்தான் பேசினார்.

"இன்னாய்யா இது? இதத்தான் இத்தினி மாசமா செஞ்சீங்களா?"

என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மேட்டு ஊருக்குக் காய்ச்சின மெழுகைப் பள்ளத்து ஊருக்குக் கொண்டு வந்துவிட்டோம். எங்களுடைய அந்தப் பெருமைப்பட்ட சோதனைதான் எங்களைக் கவிழ்த்தது. யஜமானரிடம் ஓடிக் கேட்கலாம் என்றால் அவர் மலைக்கு மேலே. ஊரில் வேறு யாரிடமாவது வீணை இருக்கிறதா என்று அண்ணன் சத்திரத்துச் சமையல்காரரிடம் விசாரித்தார். தேர்வுக்கு வந்திருக்கும் இன்னொருத்தர் பிடில்காரராம். வீணை யாரிடமும் இல்லை.

உங்களில் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? நேராக உட்கார்ந்து மொத்த மெழுகையும் சுரண்டி, இருபத்துநான்கையும் திரும்பக் கட்ட ஆரம்பிப்பீர்கள். என் கையும் அதற்குத்தான் பரபரத்தது. பதறுகிற மனசுக்கு முழு வேலையும் செய்தால்தான் சமாதானம். ஆனால் முழு வீணைக்கு மெட்டு கட்ட இரண்டு நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். கையில் இருந்தது மூன்றரை மணி நேரம். அதற்குள் இருபத்துநான்கைக் கட்டினால் இருபத்துநான்கும் அரைகுறையாக நிற்கும். எது எப்போது காலை வாரும் என்று வாசிக்கிறவருக்குத் தெரியாது. அதைவிட மோசமான வீணை கிடையாது.

நான் உட்கார்ந்து யோசிப்பதைப் பார்த்து அண்ணனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் கமலம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு எத்தன மெட்டு இருந்தா போதும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் புரியவில்லை. அப்புறம் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை என்னால் மறக்கவே முடியாது.

விஷயம் இதுதான். வீணையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மெட்டு இருக்கிறது. ஆனால் ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியை ஓரமாக இழுத்தால் அடுத்த ஸ்வரமும் வரும், இன்னும் இழுத்தால் அதற்கு மேலும் வரும். எல்லோரும் கொஞ்சம் இழுப்பார்கள், அழகுக்காக. வீணை மொத்தத்தையும் அப்படியே இழுத்து வாசிக்க வேண்டும் என்றால் காதும் விரலும் இரும்பாக இருக்க வேண்டும்.

கமலம்மா கண்ணை மூடிக்கொண்டு, கம்பி இல்லாத காற்றில் இடது கையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். உதடு முணுமுணுத்தது. பிறகு தண்டியில் விரலை வைத்துக் காட்டினார். இது, இது, இது. கீழே மூன்று, நடுவில் மூன்று, உச்சியில் ஒன்று.

"ஏழு குடுங்கண்ணே. ஆனா இந்த ஏழும் பாறையாட்டம் நிக்கணும். நான் இழுக்கற இழுப்புல ஒண்ணு சாஞ்சாலும் நான் செத்தேன்."

"நிக்கும்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

அண்ணனை நாட்டு மருந்துக் கடைக்கு விரட்டினேன். ஆமாம், அவரைத்தான். குங்கிலியமும் புதுத் தேன்மெழுகும் வாங்கிவரச் சொன்னேன். கோபத்தில் இருக்கிற மனிதருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் கோபம் பாதி குறைந்துவிடும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வெயிலில் ஓடினார். அதற்குள் நான் பழைய மெழுகைச் சுரண்டி எல்லா மெட்டையும் கழற்றி எடுத்துவிட்டேன். சமையல்காரர் ரசம் வைத்துக்கொண்டிருந்த அடுப்பைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். குங்கிலியம் புகைந்ததும் சத்திரத்தில் சாப்பிட வந்தவர்கள் ஏதோ பூஜை நடக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முதல் காய்ச்சலில் எடுத்த மெழுகை உருட்டி, வெளியே வெயிலில் கிடந்த கல்லின்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. இன்னும் குங்கிலியம், இன்னும் கரி. இரண்டாவது உருண்டையும் வைத்தேன். கமலம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விரல்களை நீவிக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூட நேரம் கேட்கவில்லை. இரண்டாவது உருண்டை நகத்தைத் தாங்கிக்கொண்டது. அப்போதுதான் கட்டவே உட்கார்ந்தேன். அவசரம் தலைக்கு மேல் நிற்கும்போது சோதனையைத் தாண்டிப் போகத்தான் தோன்றும். அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மெழுகு உருண்டையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

ஏழு மெட்டையும் கட்டினேன். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் பலங்கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கமலம்மா உட்கார்ந்து ஒரு தடவை கம்பியை இழுத்தார். பத்து வருஷம் ஆறிய அந்தக் கட்டையின் நாதம் சத்திரத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் நான் சொன்னேன், "நடந்தத நான் மொதல்லயே அவங்ககிட்ட சொல்லிடறேம்மா."

"வேணாம்ணே. நாமளே கொறய சொன்னா அவங்க காது கொறயத்தான் தேடும். கேட்டா சொல்லிக்கலாம்."

கேட்காமல் இருப்பார்களா? பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் அரிசி மில் வைத்திருந்தவர். சங்கீதப் பித்து. பெரிய மீசை. பிடில்காரர் நன்றாகவே வாசித்து முடித்திருந்தார். கமலம்மா வீணையை மடியில் வைத்து கம்பளியைப் பிரித்ததும் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா, வீணை பாதிதான் செஞ்சு முடிச்சிருக்காங்களா?"

"முழுசா செஞ்சதுதாங்க ஐயா. ஓசூர்லருந்து கீழ எறங்கறப்ப மீதி உருகிப்போச்சு. வாசிக்க இது போதும்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. நல்ல மனசோடு, "அவசரமில்லம்மா, சரி பண்ணிக்கிட்டு இன்னொரு நாள் வாங்க. அதுவரைக்கும் நாங்க முடிவு சொல்லாம இருக்கோம்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அண்ணனும் பெருமூச்சு விட்டார். கமலம்மா மட்டும் தலையை அசைத்து மறுத்தார்.

"நான் இன்னிக்கே வாசிக்கறேங்க."

பிறகு அவரைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "இன்னொரு நாள்னு போனா அடுப்படிதாண்ணே. அங்கருந்து மறுபடி கெளம்பி வர எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

சங்கராபரணம் வாசிக்கச் சொன்னார்கள். ஒளிந்துகொள்ள இடமில்லாத ராகம். எல்லோருக்கும் தெரியும், ஒரு ஸ்வரம் இம்மி பிசகினாலும் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கமலம்மா ஆரம்பித்தார். ஒரு மெட்டில் விரலை வைத்து ஒரு ஸ்வரத்தை எடுத்து, அங்கேயே கம்பியை இழுத்து அடுத்ததைத் தொட்டு, இன்னும் இழுத்து அதற்கும் மேலே போய், அங்கிருந்து வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மெட்டு இல்லாத இடமெல்லாம் பாடுகிற குரலாகிவிட்டது. வீணை வாசிக்கிற சத்தமே இல்லை, யாரோ உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அப்புறம் ராகத்தையே லயத்தோடு வேகமாக வாசிக்கிற தானம் கேட்டார்கள். விரல் ஓடுகிற வேகத்தில் நடுவில் ஒரு மெட்டு மயிரிழை சாய்ந்ததை நான் பார்த்துவிட்டேன். அவர் விரலுக்கும் அது தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அடுத்த சுற்றில் அந்த மெட்டையே தொடவில்லை. அதற்குக் கீழே இருந்த மெட்டில் நின்றுகொண்டு, கம்பி அறுந்துவிடுமோ என்று நான் பயப்படுகிற அளவுக்கு இழுத்து, அந்த ஸ்வரத்தை அதே இடத்தில் அப்படியே நிறுத்தினார். அந்த ஹாலில் அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். கடைசிப் பகுதி முழுக்க ஆறு மெட்டில் வாசித்தார்.

முடிந்ததும் பிடில்காரர்தான் முதலில் எழுந்து வந்து வீணைக்கு முன்னால் கைகூப்பிவிட்டு, தலைவரைப் பார்த்து, "எனக்கு இனிமே முடிவு சொல்ல வேண்டாங்க, நான் ஊருக்குக் கெளம்பறேன்" என்றார். தலைவர் பக்கத்தில் இருந்தவர்களைக்கூடக் கலந்துகொள்ளவில்லை. "திங்கக்கெழமை வகுப்பு ஆரம்பிக்கணும்மா, ரூம் சாவிய இப்பவே வாங்கிக்குங்க" என்றார்.

திங்கட்கிழமை ஓசூருக்குத் திரும்பி யஜமானரிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மெழுகுச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனப்பா, நாவு மழெ, பனி எல்லா நோடிதெவு. வெயிலு மட்டும் பாக்கலியே" என்றார் பாதிக் கன்னடத்தில். அன்றைக்கே வெயில் ஊர்களுக்கான மெழுகு காய்ச்ச இன்னொரு சட்டி வாங்கிவந்தார். வீணை கேட்டு யார் வந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எந்த ஊர் என்று நாம் கேட்கிறோமே, அந்த வழக்கம் அன்று வந்ததுதான்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தை. பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வந்தோம். அண்ணன் வீணையைத் தானே தூக்கிக்கொண்டார், என்னைத் தொடக்கூட விடவில்லை. எதிரில் வருகிறவர்களிடமெல்லாம், "எந்தங்கச்சி, டீச்சரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சத்திரத்துக்கு வந்ததும் ஒரு தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏழு மெட்டில், இல்லை, ஆறு மெட்டில் சங்கராபரணம் வாசிக்க வைத்த வீணைக்காரன் நான் என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்த வீணையை அப்படியே, அந்த ஏழு மெட்டோடு, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றுகூடத் தோன்றியது.

கமலம்மா உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். கழற்றி வைத்திருந்த மற்ற மெட்டுகளைத் துண்டில் முடிந்து வைத்திருந்தேன். அதை எடுத்து வந்து என் முன்னால் அவிழ்த்து வைத்தார்.

"இதயும் கட்டிக் குடுத்துட்டுப் போங்கண்ணே."

"கட்டறேம்மா. ஆனா இன்னிக்கு ஒங்க கைக்கு இந்த ஏழே அதிகமாப் போச்சே. அவசரம் இன்னா? அடுத்த மாசம் வந்து நிதானமா கட்டறேன்."

அவர் சிரித்தார். அன்றைக்கு முழுக்க அவர் சிரித்தது அப்போதுதான்.

"எனக்கு இழுக்கத் தெரியும்ணே. திங்கக்கெழமை வர்ற பொண்ணுங்களுக்குத் தெரியாதில்ல? அவங்க வெக்கற எடத்துலயெல்லாம் ஸ்வரம் இருக்க வேணாமா?"

நான் எழுந்து போய் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.